தொண்ணூத்தி ஒண்ணாம் நாள்

அந்தக் கட்டக் கீழ வைக்காத பிள்ளே, மடியில வச்சுக்க. பஸ்சுக்குள்ள எவன் மிதிப்பான், எவ வாந்தியெடுப்பான்னு சொல்ல முடியுமா? கோர்ட்டுக் கட்டுதான அது? பாத்தவுடனே தெரிஞ்சிட்டு எனக்கு. இருவத்தெட்டு வருசமா அந்தக் காகித வாடையிலதான கெடக்கேன். கொஞ்சம் ஒதுங்கி உக்காரு, எனக்கு எடது முட்டி மடங்காது. ஆங், அவ்வளவுதான்.

என்ன கேசு? அண்ணன் வீட்ட விட்டு எறங்கச் சொல்லுதானா? ம். அதுக்கு நேரா மதுரைக்கு வந்துட்டியா? ஐகோர்ட்டுக்கா? ஏ கூறுகெட்ட பிள்ளே, அங்க எப்பிடி விடுவாக உன்ன? வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாகளே! அனுப்பிட்டாகளா? அதான மொகம் இப்பிடிச் சுருங்கிக் கெடக்கு.

கோர்ட்டுங்கது ஒண்ணு இல்ல தாயி. ஏணி மாதிரி. மொதப் படி முன்சீப் கோர்ட்டு. உன் ஊருக்கு எந்த முன்சீப்போ அங்கதான் பிராது குடுக்கணும். சொத்து பெருசுன்னா சப் கோர்ட்டு. முன்சீப்புல தோத்தவன் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போவான். அதுக்கு மேல ஜில்லா கோர்ட்டு. அதுக்கு மேலதான் இந்த மதுரை. அதுக்கும் மேல டெல்லி. டெல்லிக்கு நான் போனதில்ல. போயிருப்பேன், மூத்தவன் விடல. ‘ஒனக்கு இந்தி தெரியுமாம்மா’ன்னு கேக்கான். மதுரையில மட்டும் நமக்குப் புரியுதாக்கும்?

அடிச்சான், குத்துனான்னா அது வேற ஏணி. சின்ன அடிக்கு மாஜிஸ்ட்ரேட்டு. கொலைக்கு செசன்சு. இதுல ஒரு விசயம் கேளு, இந்த ஜில்லா ஜட்ஜும் செசன்சு ஜட்ஜும் ஒரே ஆளுதான். காலையில நெலத்தக் கேப்பாரு, மத்தியானம் கொலையக் கேப்பாரு, அதே நாக்காலி. ஒரு தடவ சப் கோர்ட்டுல வாய்தான்னு போயி, பக்கத்துலயே ஜில்லா கோர்ட்டு வராந்தாவுல உக்காந்திருக்கேன். எம்பக்கத்துல ஒரு பையன், ரெண்டு போலீசு நடுவுல. மச்சினன அருவாளால வெட்டுனவனாம். கழுத்துல ஒரு துளசி மால. எங்கையில முறுக்கு இருந்துது. பாத்தான். குடுத்தேன். ‘ஒங்க கைப்பக்குவமா பாட்டி’ங்கான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பாவம், என்ன வேகத்துல வெட்டுனானோ. யாராயிருந்தாலும் மனசு எளகத்தான செய்யும்? எனக்கு எளகுன மனசு, அதான் என் கெட்ட நேரமே.

என் கேசா? சொல்லுதேன், நேரம் கெடக்கு. எங்கூருக்கு ரோடு பிரியுத பாறைக்குளம் வெலக்குலதான எறங்கணும், நாலு மணி ஆவும்.

எங்க வீட்டுக்குப் பின்னால என் தங்கச்சி வீடு. உலகம்மைன்னு பேரு. ரோட்டுலருந்து அவ வீட்டுக்குப் போவணும்னா என் வீட்ட ஒட்டி ஒரு முடுக்கு, அதுலதான் போவணும். நாலே முக்கால் அடி அகலம். அவ வீட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கா. வாய்க்கா கரையில ஒரு ஆளு, அதும் காலு நல்லாயிருக்கவன், செருப்பக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கலாம். வண்டியெல்லாம் போவாது.

எங்க அப்பா பாகம் பிரிச்சு எழுதையில முன்வீடு எனக்கு, பின்வீடு அவளுக்குன்னு எழுதுனாக. பத்திரம் எழுதுதவர் கேட்டிருக்காரு, ‘பாதையப் பத்தி ஒரு வரி போடவா பிள்ளைவாள்?’ அதுக்கு எங்கப்பா சொன்னது: ‘கூடப் பொறந்தவளுக்கு வழி விடுததக் கூட எழுதணுமாவே? வெளிய தெரிஞ்சா அசிங்கம்.’ எழுதல. முடுக்கு முழுக்க என் பேருக்கு வந்திட்டு. எங்கப்பா செஞ்ச ஒரே நல்ல காரியம் அந்த ஒரு வரிய எழுதாம விட்டதுதான்.

உலகம்மைக்கு ஒரே மக. ஆவுடைன்னு பேரு. மூணு வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு காலும் சூம்பிட்டு. கையால சுத்திப் போற மூணு சக்கர வண்டி ஒண்ணு கவருமெண்டுல குடுத்தாக. பத்து வயசுல அந்த வண்டிய எடுத்துக்கிட்டு அந்த முடுக்குல போறதும் வாறதும்தான் அவளுக்கு வெளையாட்டு. நான் முடுக்குல பாய விரிச்சு வத்தல் போட்டிருந்தேன். கூழ் வத்தல். வெயிலு நல்லா அடிக்கிதேன்னு மூணு படி அரிசி போட்டு ஆட்டி, அஞ்சு பாய் நெறைய. அதுல மூணாவது பாயி மேல ஏத்திட்டா. முன்சக்கரம் போன தடம் ஒண்ணு, பின்சக்கரம் போன தடம் ரெண்டு. நூத்திப்பத்து வத்தல் நாசம். நான் அத அப்பவே மறந்துட்டேன் பிள்ளே. சின்னப் பிள்ளை, நொண்டிப் பிள்ளை, அது மேல போயி யாரு கோவப்படுவா? அடுத்த நாள் முடுக்குல ஒரு கல்லத் தூக்கி நடுவுல போட்டேன், அவ்வளவுதான். அதுக்கு உலகம்மை வக்கீல் வீட்டுக்குப் போயிட்டா. ஒரு கல்லுக்காவ கூடப் பொறந்த அக்கா மேல பிராது குடுத்தவ அவ. நான் இல்ல.

இரு, போன் அடிக்கி. அவதான். பேசாம இரு.

ஹலோ... ஆமாட்டி ஆவுடை. ஆமா, பஸ்சுல ஏறிட்டேன். கண்ணு டாக்டரா? ம், லைட்டு அடிச்சுப் பாத்தாரு. சொட்டு மருந்து எழுதிக் குடுத்திருக்காரு... நீ எங்க நிக்க? வெலக்குக்கு வந்துட்டியா? நல்லது. மரத்து நெழல்ல நில்லு. பஸ்சு முந்துனாலும் முந்தும், பிந்துனாலும் பிந்தும், நீ பாட்டுக்குத் திரும்பிப் போயிராத, என்னால ஊருக்கு நடக்க முடியாது பாத்துக்க... சாப்ட்டியா? ஏன் சாப்பிடாம வந்த? சரி சரி. வையி.

மணி ரெண்டேகாலு. நாலு மணிக்கு வார பஸ்சுக்கு ரெண்டு மணிக்கே வரச் சொன்னேன். வந்துட்டா பாத்தியா? அவ சொல் தட்ட மாட்டா. இப்ப பேட்டரி போட்ட மூணு சக்கர வண்டி வச்சிருக்கா. பிளவுஸ் தச்சுத் தச்சு அவளே வாங்குனது. வெலக்குலருந்து ஊரு ரெண்டு மைலு, அவ வண்டிக்குப் பின்னால ஒரு பலகை போட்டிருக்கா, அதுல எனக்கு மெத்தை தச்சுப் போட்டிருக்கா. எனக்குன்னே.

எங்க விட்டேன்? முன்சீப்பு.

முன்சீப் கோர்ட்டுலதான் தாயி மனுசன் மொகத்த மனுசன் பாப்பான். டவாலி மூணு தடவ பேரக் கத்துவான். கூண்டுல ஏத்துவாக. குறுக்கு விசாரணை பண்ணுவாக. பாதைய அளக்க கோர்ட்டு அனுப்புன ஒரு வக்கீல் கமிசனரு வந்தாரு, சின்னப் பய, மீசை கூட நல்லா மொளைக்கல. டேப்புல ஒரு முனைய எங்க வீட்டுக்காரர் பிடிச்சாரு, மறு முனைய உலகம்மை பிடிச்சா. ரெண்டு பேருக்கும் நான்தான் மோர் குடுத்தேன். அப்புறம் ஒரு நாளு, அந்த முண்ட, பிள்ளைய வண்டியோட கோர்ட்டுக்கே கூட்டியாந்துட்டா. படியில வண்டி ஏறல. ரெண்டு குமாஸ்தா தூக்கி வச்சாக. ஜட்ஜு சின்ன வயசு, அவருக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை இருந்திருக்கும் போல. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. ‘இந்தப் பிள்ளை எப்பிடிம்மா வெளிய வரும்?’னு என்னையே கேக்காரு. தீர்ப்பு அன்னைக்கே எழுதியாச்சு அவரு மனசுல. பாதை உலகம்மைக்குன்னு ஆயிட்டு.

எங்க வக்கீலு சிரிக்காரு. ‘வருத்தப்படாதீங்க கோமதியம்மா, இது கீழ் கோர்ட்டு. இங்கதான் ஆளப் பாப்பாங்க. மேல போவப் போவ ஆளு கொறைஞ்சிரும், காகிதம்தான் பேசும்’னாரு. அது எவ்வளவு பெரிய வார்த்தை பிள்ளே! சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனோம். அங்க கூண்டு கெடையாது, சாட்சி கெடையாது, வண்டி கெடையாது. கீழ நடந்ததெல்லாம் டைப் அடிச்சு ஒரு கட்டு. அதுல ‘வாதியின் மகள் உடல் ஊனமுற்றவர்’ன்னு ஒரு வரி. அந்த வரிய யாரும் வாசிச்ச மாதிரியே தெரியல. பத்திரத்துல பாதை இருக்கா? இல்ல. வாய்க்கா கரை வழியா நடக்க முடியுமா? முடியும். முடிஞ்சு போச்சு, எனக்கு ஜெயம். முன்சீப்புல நாலு, இதுல ஏழுன்னு பதினோரு வருசம் ஆச்சு அதுக்கு.

பெறவு அவ மதுரைக்கு வந்தா, செகண்ட் அப்பீல்னு. ரெண்டாவது அப்பீலுன்னா ஜில்லா கோர்ட்டத் தாண்டி நேரா மதுரைதானாம். அங்க இன்னும் விசேசம். அங்க நியாயமே கேக்கக் கூடாதாம். சட்டத்துல கேள்வி இருந்தா மட்டும்தான் கேப்பாகளாம். அந்தக் கேள்விய எழுதி எடுத்துக்கிட்டு, ‘அது முடியுத வரைக்கும் பாதைய அடைக்கக் கூடாது’ன்னு ஒரு ஸ்டே குடுத்துட்டாக. பதினேழு வருசம். என் முடுக்கு, என் பேரு, நான் தீர்வ கட்டுதேன், அதுல அவ மக வண்டி ஓடுது. ராத்திரி அந்த மோட்டாரு சத்தம் கேட்டாலே நான் எந்திரிச்சு உக்காந்துருவேன். மூத்தவன் ‘விட்டுத் தொலைம்மா’ங்கான். எளையவன் ஓசூர்லருந்து பேசுததே இல்ல. பேத்தி ஒருத்திதான் சூட்டிகை. போன்ல கேசு நம்பரப் போட்டு என்ன நெலமைன்னு சொல்லுவா. ‘அடுத்த வாய்தா பன்னெண்டாம் தேதி ஆச்சி’ம்பா. அவளுக்கு நான் தங்கத்துல தோடு எடுத்துக் குடுத்திருக்கேன்.

இந்த வருசம் பொங்கல் கழிச்சு உலகம்மை படுத்துட்டா. ஈரல் கெட்டுப் போச்சு. என்னப் பாக்கணும்னு சொல்லி விட்டிருக்கா. பேசி இருவத்தெட்டு வருசம். நான் உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன், போயிப் பாத்தா கேசுக்குப் பாதகம் வருமான்னு. ‘பாக்கலாம், எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க’ன்னாரு. போனேன். எலும்பா கெடக்கா. எங்கையப் பிடிச்சுக்கிட்டு, ‘அக்கா, பாதைய மட்டும் அடைச்சிராதக்கா, அவளுக்கு வேற வழியில்லக்கா’ங்கா. நான் என்ன சொன்னேன்? ‘கோர்ட்டு என்ன சொல்லுதோ அப்பிடியே ஆவட்டும் உலகு’ன்னேன். பொய் சொல்லல பாத்துக்க. சாவக் கெடக்கவகிட்ட பொய் சொல்லக் கூடாது. அவ என்னமோ நான் சத்தியம் பண்ணிட்ட மாதிரி சிரிச்சா. வாய் வார்த்தையெல்லாம் செகண்ட் அப்பீல்ல எடுபடாதுன்னு அவளுக்குத் தெரியல. இருவத்தெட்டு வருசம் கோர்ட்டுக்குப் போயி என்னத்தக் கத்தா?

ரெண்டு நாள்ல போயிட்டா. நான்தான் ஓங்கி அழுதேன். ஊரே சொல்லிச்சு, ‘என்ன இருந்தாலும் ரத்தம்’னு. முடுக்கு வழியாத்தான் தூக்கிட்டுப் போனாக. நான் ஒண்ணும் தடுக்கல. தடுத்தா ஸ்டேய மீறுனதா ஆயிரும்.

இப்பத்தான் நீ கவனமாக் கேக்கணும். உனக்கும் உதவும். கேசு நடக்கும்போது கேசு போட்டவன் செத்துட்டான்னு வையி. அவன் வாரிசு தொண்ணூறு நாளைக்குள்ள வந்து, ‘அவருக்குப் பதிலா நான் நிக்கேன்’னு மனு குடுக்கணும். குடுக்கலன்னா தொண்ணூத்தி ஒண்ணாம் நாளு அந்தக் கேசும் செத்துப் போவும். யாரும் கொல்ல வேண்டாம், தானாச் சாவும். ஸ்டேயும் அதோட போச்சு. எத்தன பேருக்குத் தெரியும் இது? ஆவுடைக்குத் தெரியாது. எல்லாம் உலகம்மைதான் பாத்தா. வக்கீலு பேரு கூட அவளுக்குத் தெரியாது.

அன்னைக்கு ஓங்கி அழுதேன்னேன்ல? அழுதுக்கிட்டே மனசுக்குள்ள சொன்னேன், ‘ஒண்ணு’ன்னு.

தெனமும் காலண்டர்த் தாளக் கிழிச்சு அடுக்களைக் கம்பியில குத்தி வச்சேன். இருவது, முப்பது. ஆவுடைய வீட்டுக்குக் கூப்பிட்டேன். ‘ஒத்தையில என்னத்தப் பொங்குத, இங்க வந்து சாப்பிடு’ன்னேன். பதினாறாம் நாள் விசேசத்த நான்தான் எடுத்து நடத்துனேன். அவ ஒரு தடவ கேட்டா, ‘பெரியம்மை, அம்மை போட்ட கேசு என்னாவும்? நான் மதுரைக்குப் போணுமா?’ ‘கேசு போட்டவளே போயிட்டா, இனி யாருட்டி கேசு நடத்தப் போறா? நமக்குள்ள என்ன கேசு?’ன்னேன். இதுல பொய் எங்க இருக்கு சொல்லு. அவ என் மடியில தலைய வச்சு அழுதுட்டா.

நாப்பதாம் நாளோ என்னமோ எனக்குக் காய்ச்சல். மூத்தவனுக்குச் சொன்னேன், ‘டோலோ போடும்மா’ன்னு வச்சுட்டான். ஆவுடைதான் வந்தா. ஒரு நாளைக்கு நாலு தடவ அந்த முடுக்கு வழியா வண்டிய ஓட்டிக்கிட்டு, மடியில கஞ்சிச் சட்டிய வச்சுக்கிட்டு. கை ரெண்டையும் ஊனி ஊனித் தரையில நகந்து வந்து, என் காலப் பிடிச்சு விட்டா. அவ கை நல்ல கை. அழுத்தமான கை. வண்டி ஓட்டுன கைல்லா? எனக்கு ஆறு நாள் நெனப்பே இல்ல. நெனப்பு வந்தவுடனே பதறி எந்திரிச்சேன். ஆறு தாளு கிழிக்காம கெடக்கு! அவளையே கிழிக்கச் சொன்னேன். கிழிச்சுக் கம்பியில குத்தி வச்சா. ‘எதுக்குப் பெரியம்மை இதச் சேத்து வைக்கிய?’ன்னு கேட்டா. ‘தோசக்கல்லு தொடைக்க’ன்னேன். இது ஒண்ணுதான் பொய்யி. சின்னப் பொய்யி.

எழுவதாம் நாளு தபால்காரப் பொண்ணு வந்து, ஆவுடை பேருக்கு ஒரு கவரு குடுத்தா. அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே கதவு நம்பரு, ஏ, பி-ன்னு மட்டும்தான் வித்தியாசம், எப்பவும் எங்கிட்டதான் குடுத்துட்டுப் போவா. மதுரை வக்கீல் முத்திரை. உலகம்மையோட வக்கீலு. ‘உடனே வந்து கையெழுத்துப் போடவும், நாள் கடந்துவிடும்’னு எழுதியிருந்தது. நான் அதக் கிழிக்கல. எரிக்கல. என் பெட்டியில பட்டுச் சேலைக்கடியில பத்திரமா வச்சிருக்கேன். ஒரு நாளு குடுக்கத்தான் போறேன். குடுக்க மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?

என்ன பிள்ளே, ஜன்னலச் சாத்திக்கிடு, கண்ணுல தூசி விழுது போல.

இன்னைக்குத் தொண்ணூத்தி ஒண்ணு. கண்ணாஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன். ஆவுடை விடியக்காலம் எந்திரிச்சு எனக்குப் புளியோதரை கட்டிக் குடுத்தா. கோர்ட்டுல பதினொண்ணு அம்பதுக்குக் கூப்பிட்டாக. அவ வக்கீலு எந்திரிச்சு, ‘கட்சிக்காரர் எறந்துட்டார், வாரிசுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்ல’ன்னாரு. ஜட்ஜு ஐயா பக்கத்தப் புரட்டக் கூட இல்ல. இங்கிலீசுல ரெண்டு வார்த்தை. முடிஞ்சிட்டு. நான் பத்து எண்ணி முடிக்கல தாயி, இருவத்தெட்டு வருசம் முடிஞ்சிட்டு. அடுத்த கேசக் கூப்பிட்டுட்டாக. எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்துது. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். முன்சீப்பு மாதிரி ஒரு கண்ணாடியக் கழட்டியாவது பாத்திருக்கலாம். நான் மூணாவது பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். ஜெயிச்சவ யாருன்னு ஒரு தடவ நிமுந்து பாக்கல.

வெளிய வந்து வக்கீலு சொல்லுதாரு, ‘அம்மா, இப்பவே சுவரு கிவரு எழுப்பிராதீங்க. இன்னும் அறுவது நாள் இருக்கு. அந்தப் பிள்ளை வந்து, தெரியாமப் போச்சுன்னு மனு போட்டா கேசுக்குத் திரும்ப உசிரு வந்துரும். அறுவது தாண்டுனாலும் மன்னிப்புக் கேட்டு மனு போடலாம். அதனால கொஞ்ச காலம் எப்பவும் போல ஆசையா இருங்க’ன்னு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துட்டு. ‘வக்கீலே, அப்பம் நான் சாவுத வரைக்கும் நல்லவளாவே இருக்கணுமா?’ன்னு கேட்டேன். சிரிக்காரு. அவருக்கென்ன, காசு வாங்கிட்டாரு. தொண்ணூறு நாளு! காலையில அவ குடுக்க காப்பியக் குடிச்சுக்கிட்டு, ‘நல்லாருக்குட்டி’ன்னு சொல்லிக்கிட்டு. அவளும் ‘பெரியம்மை, பெரியம்மை’ன்னு. மோட்டாரு சத்தம் வரலன்னா என்னாச்சோன்னு எட்டிப் பாக்க வச்சுட்டா என்ன. இதே மாதிரி இன்னும் அறுவது நாளா? அப்பிடியே பழகிட்டா என்ன பண்ணுவேன்? உலகம்மை செத்தும் ஜெயிச்சுரமாட்டாளா?

முடியாதுன்னுட்டேன். சுவரு இன்னைக்குத்தான்.

ஆமா, இன்னைக்குத்தான். இப்பம். நாம பேசிக்கிட்டிருக்கோம்லா, இப்பத்தான். சுடலைமுத்துன்னு எங்கூருக் கொத்தனாரு, மூணு ஆளோட முடுக்குல நிக்கான். செங்கல்லு பத்து நாளைக்கு முன்னயே வந்துட்டு. குளியலறை கட்டுதேன்னு சொல்லி வச்சிருந்தேன். செங்கல்லு நனைஞ்சாத்தான் சாந்து பிடிக்கும்னு காலையில தண்ணி தெளிச்சதே ஆவுடைதான். கொத்தனாருக்கு அவதான் டீயும் போட்டுக் குடுத்திருக்கா. அவ வீட்டுக்குள்ள இருக்கையில கட்டுனா கத்துவா, செங்கல்லப் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பா, ஊரு கூடும். அதான் வெலக்குக்கு வரச் சொன்னது. வண்டியோட வெளிய வந்தாத்தான கட்ட முடியும்? வண்டி உள்ள மாட்டிக்கிட்டா அதுக்கு வேற கேசு வரும். நான் பாவம் பாத்துத்தான் வெளிய வரச் சொன்னேன்னும் வச்சுக்கலாம்.

அவ எப்பிடி வீட்டுக்குள்ள போவாளா? வாய்க்கா கரை இருக்குல்லா. சப் கோர்ட்டே சொல்லியிருக்கு, நடக்கலாம்னு. தீர்ப்புல இருக்கு, பக்கம் பதினாலு.

என்ன? அறுவது நாளைக்குள்ள மனு போட்டுருவாளா? யாரு, ஆவுடையா? அவ எங்க போவப் போறா நொண்டி? யாரு கூட்டிட்டுப் போவா? அவளுக்குன்னு என்ன விட்டா யாரு இருக்கா? நாளைக்குக் கோவம் வந்து கோர்ட்டு எங்க இருக்குன்னு கேக்கணும்னாலும் எங்கிட்டதான வந்து கேப்பா! நீ என்ன பிள்ளே பச்சப்பிள்ளையா இருக்க. மனுசாளப் படிக்கணும்.

ஹலோ... சுடலை, சொல்லுலே. எவ்வளவு ஒசந்திருக்கு? இடுப்பு ஒசரமா? போறாது. ஆளு ஒசரம் வேணும். ஆங்... என்னது? யாரு வந்து கேட்டா? மணியக்காரரு மகனா? ‘கோர்ட்டு உத்தரவு இருக்கு, ஆச்சி வந்து காட்டுவா’ன்னு சொல்லு... அரை மணியா? சரி, நான் பாத்துக்கிடுதேன். முடிச்சுட்டு மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிரு. சாந்து ஈரமா இருக்கையிலயே பதிச்சிரு, காஞ்சா நிக்காது.

அரை மணி நேரம் ஆவுமாம். சவத்துப் பய, மூணு ஆள வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரமாத் தேச்சுக்கிட்டிருக்கான்.

ஏன் எந்திரிக்க? உக்காரு, உன் ஊரு இன்னும் தள்ளி இருக்குல்லா. ஆங், என் பையத்தான் எடுத்துக் குடுக்கியா? நல்ல பிள்ளை. அது கனமில்ல, சப் கோர்ட்டுத் தீர்ப்பு நகலும் புளியோதரைத் தூக்குச்சட்டியும்தான். கண்டக்டரே, பாறைக்குளம் வெலக்கு! கெழவி எறங்கணும், நல்லா நிப்பாட்டுங்க, ஓட ஓட எறக்கிராதீக.

அந்தா பாரு, புளியமரத்துக்குக் கீழ. பச்சக் கலரு வண்டி. தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பாத்தியா, அவதான். கைய ஆட்டுதா. அம்மைய மாதிரியே பல்லு. நீ மொகத்த இப்பிடி வச்சுக்கிட்டுப் பாக்காத, அவளுக்கு ஏதோன்னு தோணும். சிரிச்ச மொகமா இரு. உன் கேச முன்சீப்புல போடு, என்ன? நேரா மேல போயிராத. அண்ணன்னு பாக்காத.

எறங்கிட்டேன், எறங்கிட்டேன். பைய அந்த ஜன்னல் வழியாக் குடு பிள்ளே.

ஏட்டி ஆவுடை! ரொம்ப நேரமா நிக்கியா தாயி? பஸ்சு அங்ஙனங்ஙன நின்னு வருது. ஆமா, கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத் தெரியுது, எல்லாம் நல்லாத் தெரியுது. இதென்ன பிளாஸ்க்கு? சுக்குக் காப்பியா? எனக்கா? நீ சோறு கூட உங்கல, எனக்குக் காப்பி போட்டுக்கிட்டு வந்திருக்க.

இல்லட்டி, இப்பம் வண்டிய எடுக்காத. பஸ்சு தூக்கித் தூக்கிப் போட்டதுல இடுப்பு விட்டுப் போச்சு. அந்தப் பிளாஸ்க்கத் தெற. இந்த நெழல்லயே ஒரு அரை மணி நேரம் உக்காந்து, ஆற அமரக் குடிச்சிட்டுப் போவோம். வீடு எங்க ஓடியா போவப் போவுது?